விதாத்தின் பதினாறு கணினிகள்

விதாத் சப்சபிக்கு ஐம்பத்தொரு வயது. லெபனானின் திரிப்போலியில் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் கணினிக் கூடத்தைப் பத்தொன்பது வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அதற்கு முன் இதே கட்டிடத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணாக இருந்தார். யாராவது காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தால் எழுந்து நின்றுவிடுவார். திட்டுவதில்லை, கோப்பை வெளியே போகும்வரை உட்காருவதுமில்லை. மாதம் ஒருமுறை எல்லாக் கணினிகளின் மூடியையும் கழற்றி, தலைமுடி காயவைக்கும் கருவியால் தூசி ஊதுவார். பதினாறுக்கும் எண் ஒட்டியிருந்தாலும் எண் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒன்று 'முனகுறவன்', ஒன்று 'ஜன்னல்காரி', ஒன்று 'கோபக்காரன்'.

கல்யாணம் ஆகவில்லை. கல்லூரியை ஒட்டிய சந்தின் எதிர்ப்புறம் முதல் மாடியில் தம்பி முன்திரோடு இருக்கிறார். முன்திர் துறைமுகத்தில் வெல்டராக இருந்து, நுரையீரல் கெட்டு, மூன்று வருடமாக வீட்டோடு கிடப்பவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விதாத்தாக எதையும் சொல்வதில்லை. கேட்கும் பழக்கம் எனக்கும் கிடையாது.

கல்லூரிக்கு ஐந்து கிளைகள். போன வசந்தத்தில் பெய்ரூத் தலைமையகம் ஒரு முடிவெடுத்தது. எல்லாக் கிளைகளிலும் கணினிகளின் வேகத்தைச் சோதித்து ஒரே தரவுத்தளத்தில் பதிய வேண்டும். கடைசியில் வரும் இரண்டு கூடங்களை மூடிவிடுவார்கள். அங்குள்ள கணினிகள் மற்ற கிளைகளுக்குப் போகும். சோதனை நிரலை எழுதும் வேலை, திரிப்போலியில் கணினி வகுப்பெடுக்கும் எனக்கு வந்தது. எந்தெந்த விவரத்தைப் பதிவது என்று தீர்மானிக்க ஒரு குழு: தலைவர் டாக்டர் ஸுஹைர், கிளைக்கொரு கூடப் பொறுப்பாளர், பிறகு நான்.

வெள்ளோட்டத்தில் சைதா கிளையின் கணினிகள் நூறு புள்ளி எடுத்தன. அதே மாடல், அதே நினைவகம், அதே வருடம் வாங்கியவை விதாத்தின் கூடத்தில் அறுபத்தொன்று.

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பெண்ணை 'ஸித்', ஆணை 'உஸ்தாத்' என்போம். முதல் கூட்டத்திலேயே சைதா பொறுப்பாளர் நக்லே ஆரம்பித்துவிட்டார். "ஸித் விதாத், இனிப்புக்குப் பேர்போன உங்க ஊர்ல கணினிக்கும் அதையே ஊட்டுவீங்களோ? மத்தியானமானா படுத்துடுது போல."

"படுக்கட்டும் உஸ்தாத். உங்களுது மாதிரி குறட்டை விடலையே."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் ஸுஹைர் மேசையைத் தட்டினார். "நாலு கட்டம் போதும். மாடல், நினைவகம், வட்டு, இயங்குதளம். அதோட கூடத்துல மொத்தம் எத்தனைங்கற எண்ணிக்கை. கட்டம் கூடினா என்ன ஆகும் தெரியுமா? நிரப்புறவன் வாய்க்கு வந்ததை எழுதுவான்."

கூட்டங்களில் நான் பேசுவதில்லை. அன்று பேசினேன். "இன்னொரு கட்டம் வைக்கலாம், டாக்டர். கணினியோட வேகத்தை யாராவது அமைப்புல குறைச்சு வச்சிருக்காங்களா, இல்லையான்னு. மின்சேமிப்புக்காக அப்படிச் செய்யறது உண்டு. அதை யாரும் நிரப்ப வேண்டாம், நிரலே பாத்துக்கும்."

விதாத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். ஒரே மாடலில் இத்தனை வித்தியாசம் வயதால் வராது. குறைத்து வைத்திருப்பது பதிவில் தெரிந்தால், கூடம் மோசமில்லை என்பது தானே விளங்கிவிடும்.

விதாத் என் பக்கம் திரும்பவில்லை. "வேண்டாம்" என்றார். "டாக்டர் சொன்னதே போதும்."

"உங்களுக்குத்தானே ஸித் நல்லது?" என்றார் நக்லே, நிஜமான ஆச்சரியத்தோடு.

"எனக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியும்."

இரண்டு வாரத்தில் இன்னொரு முறை அளந்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கூட்டம் கலைந்தது. பெய்ரூத்திலிருந்து திரும்பி வரும் வேனில் விதாத் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வழியில் பத்ரூன் ஊரைத் தாண்டும்வரை அவர் முக்காட்டின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன தப்பாகச் சொன்னேன் என்று விளங்கவில்லை.

இரண்டாவது அளவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூடத்துக்குப் போனேன். வழக்கம்போல அரசு மின்சாரம் இல்லை. கல்லூரி பகல் நேரத்துக்கு ஜெனரேட்டர்காரரிடம் சந்தா கட்டியிருந்தது. கூடத்தின் பங்கு பதினைந்து ஆம்பியர்.

"காலைலயே எல்லாத்தையும் முழு வேகத்துக்கு மாத்திட்டேன். இன்னிக்கு ஓடும் பாரு" என்றார் விதாத்.

அப்படியானால் இத்தனை நாள் குறைத்து வைத்திருந்தது அவரேதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. சோதனையை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். நூறு, தொண்ணூற்றொன்பது, நூற்றொன்று. முனகுறவன்கூட தொண்ணூற்றெட்டு. பன்னிரண்டு கணினிகள் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. பதின்மூன்றாவதைத் தொடங்கியதும் அத்தனையும் நின்றுபோனது. விளக்கு, விசிறி, திரைகள், எல்லாம்.

சுமை கூடினால் தானே விழும் டிரிப்பர் விதாத்தின் தலைக்கு மேலேதான் இருந்தது. கையை உயர்த்தினால் எட்டும். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். படிகளில் செருப்புச் சத்தம், பிறகு சந்தில்.

டிரிப்பர் பெட்டியைத் திறந்தேன். கூடத்துக் கம்பிகளோடு மெல்லிய பழுப்பு நிறக் கம்பி ஒன்றும் இருந்தது. அது ஜன்னல் சட்டத்தின் ஓட்டை வழியாக வெளியேறி, துணி காயும் கொடிகளோடு கொடியாகச் சந்தைக் கடந்து எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போனது. அந்த வீட்டுக்குள் ஏதோ விடாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. டிரிப்பரை மேலே தள்ளினேன். கத்தல் நின்றது.

கால் மணி நேரம் கழித்து வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பாத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"மெஷின் நின்னு ரெண்டு நிமிஷம் இருக்குமா? எண்ணிக்கிட்டே ஓடினேன், நடுவுல விட்டுப்போச்சு. அவசரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒண்ணு வச்சிருக்கேன், திருகு இறுகிக் கிடக்கு. நான் மூச்சு வாங்கி நிக்கறேன், தம்பி என்னைப் பாத்து, 'குழாயை யாருக்கு மாட்டறது அக்கா, உனக்கா எனக்கா?'ங்கறான். சாகற நேரத்துலயும் கிண்டல்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எங்க கட்டிடத்துல சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் ஜெனரேட்டர் போடுவான். ராத்திரிக்கு பேட்டரி இருக்கு. பகலுக்கு நான் எங்க போவேன்?"

"அதனாலதான் வேகத்தைக் குறைச்சீங்களா?"

"பின்னே? முழுசா ஓடினா பதினாறும் தம்பியோட ஆக்ஸிஜன் மெஷினும் சேர்ந்து தாங்காது. இன்னிக்கு ஒரு மணி நேரம் தாங்கிடும்னு நினைச்சேன். நான் ஆறு மணி வரைக்கும் கூடத்தைத் திறந்து வச்சிருக்கேன்னு பசங்க என்னைப் புகழ்றாங்க. எதுக்குத் திறந்து வச்சிருக்கேன்னு இப்போ உனக்குத் தெரியும்."

நான் டிரிப்பர் பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

"நீயே யோசிச்சுப் பாரு. கட்டம் வச்சா, ஏன் குறைச்சேன்னு கேப்பாங்க, கம்பியைப் பிடிப்பாங்க. வைக்காட்டி, கூடத்தை மூடுவாங்க, கம்பியும் அதோட போகும். நீ நல்லதுக்குத்தான் சொன்னே மகனே. எனக்கு நல்லது செய்யறவங்களைக் கண்டாத்தான் பயம்."

"நான் அந்தக் கட்டத்தை எடுத்துடட்டுமா?"

"எடுத்து? நீயும் பொய் சொல்லணுமா?"

அன்றைய அளவு முடியவில்லை என்று மட்டும் தலைமையகத்துக்கு எழுதினேன். அடுத்த கூட்டம் வரை தினமும் நிரலைத் திறந்து அந்த ஒற்றை வரியைப் பார்ப்பேன், மூடுவேன். அழிக்கவும் கை வரவில்லை, வைக்கவும் வரவில்லை.

கூட்டத்தில் விதாத்தே என்னைக் காட்டி ஆரம்பித்தார். கையில் நாலாக மடித்த தாள் ஒன்று.

"லுவாய் சொன்ன கட்டம் வேணும், டாக்டர். வேகம் குறைச்சிருக்கா இல்லையான்னு. எங்க கூடத்துல குறைச்சு வச்சது நான்தான்."

"அட! நீங்களா?" என்றார் நக்லே.

"நான்தான். அதுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டமும் வேணும். ஏன்னு எழுத."

டாக்டர் ஸுஹைர் கண்ணாடியைக் கழற்றினார். "முதலாவது சரி, வச்சுக்கலாம். ரெண்டாவது எதுக்கு?"

"காரணம் இல்லாம வெறுமனே குறைச்சிருக்குன்னு இருந்தா..."

"ஸித் விதாத், இது கணினிப் பதிவு. வாக்குமூலம் இல்ல. கரண்ட் தாங்கலன்னு எழுதுவீங்க. இந்த நாட்டுல யாருக்குத் தாங்குது? அஞ்சு கிளையும் அதையே எழுதும். அதை வச்சு நான் என்ன கணக்குப் போட?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது. "ஒரு மாசத்துல எல்லாரும் முழு வேகத்துக்கு மாத்திடுங்க. அப்புறம் அளக்கலாம். முடிஞ்சது."

விதாத்தின் விரல் அந்தத் தாளின் மடிப்பின்மேல் போய்வந்துகொண்டிருந்தது. முதல் நாள் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று தோன்றியது. யாராவது ஒருவர் 'என்ன அது' என்று கேட்டிருந்தால் பிரித்திருப்பார். நான் கேட்டிருக்கலாம்.

"எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு."

"எங்களுக்குப் பன்னிரண்டுன்னு போட்டுக்குங்க. நாலை சைதாவுக்குக் குடுத்துடறேன்."

நக்லே எழுந்தே விட்டார். "உங்க கை நல்லா இருக்கட்டும் ஸித்! நான் கிண்டல் பண்ணதையெல்லாம் மறந்துடுங்க. அடுத்த முறை ஒரு தட்டு இனிப்போட வரேன்."

"இனிப்பு எங்க ஊருக்கா? நீங்க உங்க ஊர் ஆரஞ்சு கொண்டு வாங்க."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். தாள் கைப்பைக்குள் போனது.

ஒரு மாதத்துக்குப் பின் அளந்தபோது பன்னிரண்டும் முழு வேகத்தில் ஓடின, பழுப்புக் கம்பி அங்கேயே இருந்தும் டிரிப்பர் விழவில்லை. எங்கள் கூடம் இரண்டாவது இடம். மூடப்பட்டவை வேறு இரண்டு. திரிப்போலிக்கான வரியை நானே சரிபார்த்தேன். எண்ணிக்கை பன்னிரண்டு, வேகக் குறைப்பு இல்லை, புள்ளி நூறு. ஒரு கட்டத்தில்கூடப் பொய் கிடையாது.

எங்கள் வகுப்பில் பிரிவுக்குப் பதினாறு பேர். இப்போது நாலு பேர் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். போன வாரம் அப்படி நின்ற ருவைதா, இரண்டாம் ஆண்டு மாணவி, பொறுக்க முடியாமல் விதாத்திடம் போனாள்.

"ஸித், முன்ன ஆமை மாதிரி இருந்தாலும் ஆளுக்கொண்ணு இருந்துச்சு. எனக்கு வீட்டுல கணினி கிடையாது. இன்னிக்கு முழுக்க ஒரு வரி அடிக்கல நான்."

"முறை வச்சுக்குங்கம்மா. ஆறு மணி வரைக்கும் திறந்துதானே இருக்கு."

"அஞ்சு மணிக்கு மேல எனக்கு பஸ் இல்ல ஸித்."

விதாத் துணியை எடுத்து, துடைத்து வைத்திருந்த திரையையே மறுபடி துடைக்கத் தொடங்கினார். ருவைதா என்னிடம் வந்தாள்.

"அந்த நாலும் எங்க போச்சு, உஸ்தாத்?"

"சைதாவுக்கு."

"ஏன்?"

துணி திரையில் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"அங்க பசங்க அதிகம்" என்றேன்.

அவள் நம்பினாள். போய் மறுபடி அதே தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.