மாசியில் வைத்த வளைகாப்பு

என் தங்கை மகளுக்குப் பத்து வயது. மலேசியாவில், கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். நாசி லெமாக் சோறு இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. கோபம் வந்தால் மலாயில்தான் திட்டுவாள். ஆனாலும் பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'புக்கான் வார்கநெகாரா' என்று இருக்கும், குடிமகள் அல்ல என்று. வருடா வருடம் விசா பாஸ் புதுப்பித்துத்தான் பெற்ற தாயோடு இருக்கிறாள்.

அவள் பிறந்தது திருச்சியில். தங்கையின் கணவர் அந்த ஊர்க்காரர். மலேசிய ஆண் வெளிநாட்டில் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு, வெளிநாட்டவரைக் கட்டிய மலேசியப் பெண் பெற்றால் கிடையாது. சட்டம் அப்படி இருந்தது. கேட்டால் சிரிப்பு வரும், நம் வீட்டுக்கு வரும்வரை.

உண்மையில் அவள் கிள்ளானில் பிறந்திருக்க வேண்டியவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அம்மா இறந்துவிட்டதால் அந்த இடத்தில் நான். தங்கைக்கு ஏழாம் மாதம் மார்கழியில் விழுந்தது. "வளைகாப்பெல்லாம் வேணாம்க்கா, நான் இப்பவே கிளம்பி வரேன்" என்று போனில் கெஞ்சினாள்.

"மொதப் புள்ளைக்கு வளைகாப்பு இல்லாமலா? சும்மா இரு" என்று அதட்டினேன். மார்கழி கூடாது, எட்டாம் மாதம் ஆகாது. பஞ்சாங்கம் பார்த்து மாசியில் நாள் குறித்துக் கொடுத்தவள் நானேதான்.

இரு கை நிறைய வளையலோடு விமான நிலையம் போனவளை, மாதம் மிஞ்சிவிட்டது என்று ஏற்ற மறுத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு மூன்று வயதானபோது குடும்பத்தோடு இங்கே வந்தார்கள். கொடுத்த மனுக்களெல்லாம் திரும்பின. அப்போதுதான் இதே நிலையில் இருந்த மற்றத் தாய்மார்களோடு சேர்ந்து, சட்டத்தையே மாற்றச் சொல்லித் தங்கை இறங்கினாள். நானும் போனேன். நியாயத்துக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். குற்ற உணர்ச்சி வீட்டில் உட்கார விடவில்லை.

சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் மாலைக்கடைகளுக்கு முன்னால் கையெழுத்து வாங்குவோம். ஒரு பெரியவர் தாளைத் தள்ளிவிட்டு, "வெளிநாட்டுக்காரனைக் கட்டுனா அப்படித்தான் லா" என்றார்.

"உங்க மகன் வெளிநாட்டுக்காரியைக் கட்டுனா பேரப்பிள்ளைக்குக் குடியுரிமை, ஐசி எல்லாம் கிடைக்கும். மக கட்டுனா கிடைக்காது. சரியா அங்கிள்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் சேவை மையங்களுக்கு நடையாய் நடந்தோம். சட்டப்பிரிவு, தீர்ப்பு என்று தடித்தடியாகக் கொண்டுபோனதை யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஓர் உறுப்பினரின் உதவியாளர்தான், "ஆன்டி, இதெல்லாம் வேணாம். உங்க வீட்டு கதைய ஒரே பக்கத்துல எழுதிக் கொடுங்க, போதும்" என்றார்.

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் மலாயில் கடிதம் எழுதியவள் நான். அந்தப் பக்கத்தையும் நானே எழுதினேன். பதிவேட்டில் இருக்கும் அந்த வார்த்தையை எழுதினேன். விமான நிலையத்தில் அம்மா ஒரு வரிசையிலும் பிள்ளை வேறொரு வரிசையிலும் நிற்பதை எழுதினேன். ஏன் இங்கே வந்து பெறவில்லை என்ற இடம் வந்ததும் கை நின்றது. 'தவிர்க்க முடியாத காரணத்தால் பயணம் தாமதமானது' என்று எழுதி முடித்தேன்.

அந்தப் பக்கத்தை அந்த உறுப்பினர் மக்களவையில் வாசித்தார். மாடத்தில் நானும் தங்கையும் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில்கூடப் பேச்சு நின்றது. அந்த ஒரு வரி வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு சட்டம் மாறியது. வாழ்த்துச் செய்திகளால் என் போன் ஓயவில்லை. தங்கை மட்டும் திருத்தத்தை வரிவரியாகப் படித்தாள். அமலுக்கு வரும் நாள் முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான். முன்பே பிறந்தவர்கள் பழையபடி மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஏழு வருடம் அலைந்தவளின் மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா பழத்தட்டோடு வந்தார். மெல்பர்னில் அந்த ஊர்க்காரரைக் கட்டியிருக்கும் மகளுக்கு வளைகாப்பாம், நான் போனில் பார்த்து ஆசீர்வதிக்க வேண்டுமாம்.

"நாங்க அவசரப்படல லா. ஒன்பதாம் மாசம் நல்ல நாள் பாத்து வச்சிருக்கோம். அங்கேயே பொறந்தாலும் இனிமே நம்ம நாட்டுப் பிள்ளைதானே? எல்லாம் உங்க தங்கச்சி புண்ணியம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு தங்கை தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து மகளுக்கு உரித்துக் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கத்துல எழுதுனியே, தவிர்க்க முடியாத காரணம்னு" என்றாள். பத்து வருடத்தில் அவள் இதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தவிர்த்திருக்கலாம்க்கா."