பதினேழாம் தேதி, நான்கு மணிக்குள்

இதை எழுதுகிறவன், வழக்கறிஞரான அக்காவை முதலில் சந்தித்தது, குடிவரவுச் சட்டத்தின் புதிய மாற்றங்கள் பற்றி வழக்கறிஞர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில். பக்கத்து நாற்காலி. "கோட்டுல விலைச்சீட்டு தொங்குது தம்பி, பிச்சுப் போடுங்க" என்றார். அதுதான் அறிமுகம்.

அக்காவுக்கு அந்தப் பயிற்சி கட்டாயம். வழக்கறிஞர் உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் இத்தனை மணிநேரப் பயிற்சி என்று விதி. வழக்கு வழக்கு என்று அலைந்ததில் அவருக்கு இந்த ஒரு நாள் பாக்கி நின்றது. காலையிலும் மாலையிலும் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கில் சேரும். தவறினால் அடுத்த பயிற்சி வரை, மூன்று மாதம், வாதாட முடியாது.

சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்கிய நேரம். பயிற்சி நடத்திய மூத்த வழக்கறிஞர் திரையைத் தட்டினார்.

"நாட்டைவிட்டு வெளியேத்துற உத்தரவுக்கு மேல்முறையீடு செய்ய அதே பதினாலு நாள்தான். ஆனா கடிதம் கைக்கு வந்த நாள்லருந்து எண்ணக் கூடாது. கடிதத்துல போட்ட தேதியிலருந்து எண்ணணும். இந்த மாசம் ஒண்ணாம் தேதியிலருந்து இதான் சட்டம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரை நம்பியிருக்கும் கட்சிக்காரர் ஒரு வெல்டர்; அவருக்கு வந்த வெளியேற்ற உத்தரவில் மூன்றாம் தேதி போட்டிருந்தது. கைக்கு வந்தது ஒன்பதில். ஒன்பதிலிருந்து எண்ணி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். இன்று பதினேழு. மணி இரண்டே கால். வெல்டரின் கையெழுத்தோடு மனுவை நேரில் கொடுக்க வேண்டும். குடிவரவுத் தீர்ப்பாயத்தில் மனு வாங்கும் சன்னல் நான்கு மணிக்கு மூடிவிடும்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்பப் போனா இன்னைய நாள் கணக்குல வராதும்மா. ஜூனியர அனுப்பக் கூடாதா?" என்றார் மூத்தவர்.

"எனக்கு நானேதான் சார் ஜூனியர்."

படியிறங்கும்போதே கணவருக்குப் போன் போட்டார். அவர் பேருந்து ஓட்டுநர்.

"என்னங்க, என் மேசையில வெல்டரோட ஃபைல் இருக்கு, மனு அதுக்குள்ள அடிச்சு வச்சிருக்கு. எடுத்துக்கிட்டு தீர்ப்பாயத்துக்கு வாங்க."

"இப்பதானே ஷிப்ட் முடிஞ்சு சட்டையக் கழட்டுனேன்."

"திரும்ப மாட்டுங்க."

அடுத்து வெல்டர். "நாளைக்குக் காலையில வரட்டுமாக்கா? முதலாளி கத்துவாரு."

"நாளைக்கு வந்தா பெட்டியோடதான் வரணும். இப்பவே கிளம்புங்க."

மூன்றே முக்காலுக்கு மூவரும் தீர்ப்பாய வராந்தாவில் நின்றார்கள். வெல்டரின் கையில் கரி. கணவரின் சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருந்தது. அக்கா பேனாவைத் திறந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தப்பு என்னுது. நாள எண்ணினது நான்தான்."

வெல்டர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "எங்க போடணும்கா?" என்று மட்டும் கேட்டார்.

சன்னலுக்குள் இருந்த எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் வக்கீலம்மா, நேத்தே வந்திருக்கக் கூடாதா?"

"நேத்து எனக்குத் தெரியாது சார். முத்திரையப் போடுங்க."

மூன்று ஐம்பத்தாறுக்கு முத்திரை விழுந்தது.

அக்காவின் உரிமம் மூன்று மாதம் நின்றுபோனது. அந்த நாட்களில் தோழி ஒருத்தியின் அலுவலகத்தில் உட்கார்ந்து, வெல்டரின் வழக்குக்கு வேண்டிய சாட்சிக் கடிதங்களைத் திரட்டினார். அடுத்த பயிற்சியில் மாலைக் கையெழுத்தையும் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். இப்போது உரிமம் கையில் இருக்கிறது. பேருந்துப் பணிமனைக்கு எதிரே, இரண்டாம் மாடியில் ஓர் அறையில் தொழில் நடத்துகிறார். வெல்டரின் மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது, வாதாடப்போவது அவர்தான்.