ஸ்பெயின்காரரின் மாலை

கிளென் ஈடன் புறநகரில் சனிக்கிழமை மதியம். தூறலில் கால்பந்து மைதானம் சேறாகிக் கிடக்கிறது. கோட்டோரம் சாசேஜ் சுட்டுக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்தில் குடையோடு நிற்கிறேன். அவருடைய ஐஸ் பெட்டிக்குள் ஒரு கார்னேஷன் பூமாலை.

"மாலை யாருக்குங்க?"

"அந்த ஸ்பெயின்காரருக்கு அண்ணை. அங்கை பெரிய கிளப்புகளிலை மிட்ஃபீல்ட் விளையாடினவர். இண்டைக்குக் கடைசி மேட்ச். எல்லாருக்கும் பந்தைக் குடுப்பார். எங்கட கிளப்புக்கு வந்து ஒரு கோலும் அடிக்கேல்லை. இண்டைக்கு அடிப்பார், பாருங்கோ."

ஆட்டம் முடியப்போகிறது, இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் பக்கத்துக்குப் பெனால்டி கிடைக்கிறது. பந்தை எல்லோரும் அந்த நரைத்தாடி ஸ்பெயின்காரரிடமே கொடுக்கிறார்கள். சென்னையில் கத்துவதுபோலவே கத்துகிறேன்: "அடிங்க சார்!"

அவர் ஓடி வருகிறார். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்து விழுகிறார். இவரோ பந்தை மெல்ல முன்னால் தட்டி விடுகிறார். அடப்பாவி, காலியாக இருக்கிறதே வலை! எனக்குக் கோபமே வந்துவிடுகிறது. அதற்குள் பின்னாலிருந்து பாய்ந்து வருகிறார், வாரம் முழுக்கக் குழாய் மாட்டும் எங்கள் அணிப் பிளம்பர் ஒருவர். ஒரே அடி, கோல்! விதியில் இதற்கும் இடமுண்டாம்.

விசில் ஊதியதும் யாழ்ப்பாணத்துக்காரர் இடுக்கியைப் போட்டுவிட்டு மாலையோடு ஓடுகிறார். ஸ்பெயின்காரர் குனிந்து மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொள்கிறார். நிமிர்ந்ததும் கழற்றிப் பிளம்பரின் கழுத்தில் போட்டுவிடுகிறார்.

"பாத்தீங்களே அண்ணை!" யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறார். "மாலையையும் பாஸ் பண்ணிப்போட்டார்!"