வெறுங்காலோடு ஏழு பேர்

எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. திட்டுவேன், இல்லையென்றால் வேண்டிக்கொள்வேன். அந்த சீசனில் இரண்டையும் நிறையச் செய்தேன்.

எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணிக்கு நான் கேப்டன், கடைசி வருடம். லெஃப்ட் கார்னரில் நிற்பேன். ரெய்டு வருகிறவளின் கணுக்காலைப் பிடித்துச் சாய்ப்பது என் வேலை. மண்டலப் போட்டி முடிந்ததும் பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வந்தால்தான் சான்றிதழ், அது இருந்தால்தான் உடற்கல்விப் படிப்புக்கு இடம். எனக்கு வேறு எந்தப் படிப்பும் ஏறாது. அந்த நினைப்பிலேயே மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ரெய்டர் இரண்டாம் வருடப் பெண். கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். ஒல்லிப்பிச்சான். ஆனால் கோட்டைத் தாண்டினால் பிடிக்க முடியாது, எங்கள் பாயிண்டில் பாதிக்கு மேல் அவள் எடுத்ததுதான். அவள் அப்பா சீசன் தொடங்கும்போதே சொல்லிவிட்டார்: "யுனிவர்சிட்டி டீமுல எடுத்தா ஆடு. எடுக்கலன்னா இந்த வருசத்தோட சரி." அவள் அதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள். "எடுக்காம எங்கடி போவாங்க?" என்று நானும் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அரையிறுதியில் பாதி ஆட்டம் முடிந்தபோது எட்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். தண்ணீர் குடிக்கிற நேரம். மற்ற ஆறு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சா வர்ற பௌர்ணமிக்கு ஏழு பேரும் வெறுங்கால்ல கிரிவலம் வர்றோம், அண்ணாமலையாரே!" என்று உரக்கச் சொன்னேன். வாய் டீமுக்காகச் சொன்னது. மனசு கேட்டது வேறு. என் பேர் மட்டும் லிஸ்டில் வந்துடட்டும் சாமி, அது போதும்.

ஜெயித்தோம். ஒரே ஒரு பாயிண்ட்டில். இறுதிப்போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பிறகு மழை வந்துவிடும் என்று பயந்து தேதியை முன்னால் இழுத்தார்கள். எங்கள் மைதானத்திலேயே, பௌர்ணமிக்கு மறுநாள் காலை.

பி.டி. மேடத்துக்கு எங்கள் வேண்டுதல் எப்படியோ தெரிந்துவிட்டது. "யாராவது மலையைச் சுத்தப் போனீங்க, காலை ஒடிச்சிடுவேன். அடுத்த பௌர்ணமிக்குப் போங்கடி. அண்ணாமலையார் எங்கயும் எழுந்து போயிட மாட்டாரு!" என்றார்.

நியாயமான பேச்சுதான். யார் கேட்டது? சொன்ன பௌர்ணமியை விட்டுவிட்டு களத்தில் இறங்கினால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். ஹாஸ்டலில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குள் திரும்ப வேண்டுமென்றால் காலை பதினொரு மணிக்கே கிளம்ப வேண்டும். கிளம்பினோம். செருப்பெல்லாம் ஒரு பையில் போட்டு ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு பூக்கடையில் வைத்தோம்.

புரட்டாசி வெயில் பொல்லாதது. செங்கம் ரோட்டில் திரும்பும்போதே தார் சுட்டது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வெறுங்காலோடு ஆடி அசைந்து போனார். "அவருக்குக் காலா, கட்டையா?" என்று ஒருத்தி கேட்க, சிரித்துச் சிரித்தே ஒரு கிலோமீட்டர் கடந்தோம். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. ரோட்டோர நிழலில் ஜனம் நெரிந்தது. அதில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம்.

"நீங்க உள்ள வாங்கக்கா. கேப்டனுக்குக் கால் முக்கியம்," என்று எங்கள் ரெய்டர் என்னை நிழல் பக்கம் தள்ளிவிட்டுத் தாரில் இறங்கிக்கொண்டாள்.

"உனக்குச் சுடலையா?"

"வயக்காட்டுக் காலுக்கா. ஒண்ணும் ஆவாது."

நான் மறுக்கவில்லை. அதை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடி அண்ணாமலையிலிருந்து இடுக்குப் பிள்ளையார் வரைக்கும் நான் நிழலில் வந்தேன், அவள் என் வலது பக்கம் தாரில் வந்தாள். பிள்ளையார் கோயிலின் ஒடுக்கமான சந்துக்குள் அவள் மீன் மாதிரி நுழைந்து வெளியே வந்தாள். தோளில் சிராய்த்துக்கொண்டால் நாளைக்கு வம்பு என்று நான் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டேன்.

ஹாஸ்டலுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் பார்த்தேன். அவளுடைய இரண்டு பாதத்திலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். எனக்கு உயிரே போய்விட்டது. "அய்யோ, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி!" என்று கத்தினேன். "மேடத்துகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா, உக்கார வெச்சிடுவாங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் மலை சுற்றப் போனதும் தெரிந்துவிடுமே.

காலையில் கொப்புளத்தின் மேல் பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் காலைத் திணித்தாள். அவள் அப்பா முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தேர்வுக் குழுவினர் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பின்னால் நின்றார்.

முதல் ரெய்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் திரும்புகிற வேகம் போய்விட்டது. காலை ஊன்றும்போது உதட்டைக் கடித்தாள். மூன்று தடவை போய் மூன்று தடவையும் மாட்டினாள். "என்னடி ஆச்சு உனக்கு?" என்று மேடம் வெளியிலிருந்து கத்தினார். எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று கை வைத்த கணுக்காலெல்லாம் சிக்கியது. ஆறு பேரைச் சாய்த்தேன். ஒவ்வொரு தடவையும் மேசைப் பக்கம் ஒருவர் குனிந்து எழுதுவது ஓரக்கண்ணில் பட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கடைசி ரெய்டில் இரண்டு பாயிண்ட் வேண்டும். அவள் போனாள். இரண்டு பேரைத் தொட்டாள். திரும்பும்போது முழங்கால் மடிய நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தாள். மேலே நான்கு பேர் விழுந்தார்கள். தோற்றோம்.

அரை மணி நேரத்தில் பட்டியல் வாசித்தார்கள். ஒன்பதாவதாக என் பெயர் வந்தது. பன்னிரண்டும் முடிந்த பிறகும் அவள் பெயருக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வாசித்தவர் காகிதத்தை மடித்துவிட்டார்.

அவள் ஓரமாக உட்கார்ந்து சாக்ஸை உரித்துக்கொண்டிருந்தாள். அடிப்பக்கம் ரத்தத்தில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "உங்க பேர் வந்துடுச்சுக்கா! நம்ம சுத்துனது வீண் போவல பாத்தீங்களா?" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பொய்ச் சிரிப்பாக இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அவள் அப்பா வந்து மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். காலைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நீதாம்மா இவங்களை மலை சுத்தக் கூட்டிட்டுப் போனியாமே. நல்லா இரு. இதோட போதும்னு அந்த சாமியே சொல்லிடுச்சு. எனக்கும் இப்ப மனசு நிம்மதி."

சாமி சொல்லவில்லை, நான்தான் காரணம் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். மேடமும் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். சொன்னால் லிஸ்டிலிருந்து என்னை எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அவள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அப்பா பின்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.