தட்டின் அடியில் சிவப்புப் புள்ளி

கோர்வையாக எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தேன். சமைப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது, தட்டு தேய்ப்பது என் வேலை. நான் காலனிக்காரி. ஊர்ப் பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான் சாப்பிடுவார்கள்.

நான் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தபோது விழுப்புரத்திலிருந்து புது டீச்சர் வந்தார். எந்நேரமும் கையில் ஒரு நோட்டு. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "யாரு வூட்டுக்கு யாரு வெளையாடப் போவீங்க? யாரு வூட்டுக்குப் போவ மாட்டீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று பிரிக்கத்தான் இந்தக் கேள்வி என்று நினைத்தேன். நான் கொடுத்த டீயைக் குடிக்கிறாரா, கொட்டுகிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடித்தார். அதையும் நான் நம்பவில்லை.

ஒருநாள் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்னா ஆயாம்மா, சில தட்டுல மட்டும் அடியில செவப்புப் புள்ளி?"

"கடையிலயே அப்பிடித்தாங்க வந்துச்சு."

பொய். நெயில் பாலிஷால் நான் வைத்த புள்ளி அது. ஊர்ப் பிள்ளைகளின் தட்டு மாறிப்போனால் அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயம். கழுவியதும் புள்ளித் தட்டுகளைத் தனியாக அடுக்கிவிடுவேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் வட்டத்தில், "எல்லாத் தட்டும் ஒண்ணுதான?" என்று கேட்டார்.

ஊர்ச் சிறுமி ஒருத்தி, நாலு வயது இருக்கும், எழுந்து நின்றாள். "இல்ல டீச்சர். புள்ளி வெச்சது எங்குளுது. காலனிப் பசங்குளுது மொட்டத் தட்டு."

எங்கள் தெருப் பிள்ளைகளும் 'மொட்டத் தட்டு, மொட்டத் தட்டு' என்று சேர்ந்து சிரித்தார்கள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஆயாதான் தனித்தனியா அடுக்குவாங்களே!"

கரண்டியோடு கதவண்டை நின்றவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் டீச்சர் ஒரு நெயில் பாலிஷ் வாங்கிவந்து, புள்ளி இல்லாத தட்டுக்கெல்லாம் பிள்ளைகளையே வைக்கச் சொன்னார். விரல், சட்டை, தரை எல்லாம் சிவப்பு.

"இப்ப பிரிச்சு அடுக்குங்க பாக்கலாம், ஆயாம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிண்டலா, மிரட்டலா, தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே அடுக்காக வைத்தேன்.

வேலை போகவில்லை. ஆனாலும் ஓய்வு பெறும்வரை அந்த நோட்டின்மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

இப்போது சந்தேகமெல்லாம் என்மேல்தான். ஓர் அம்மா வந்து கேட்டதால்தான் முதல் புள்ளி வைத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த அம்மாவின் முகம் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அப்போது அங்கே பிள்ளையை விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களில் ஒருவர் கேட்டீர்களா, நானாகவே வைத்தேனா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.