ஒரே பாட்டனின் பத்தொன்பது பேரப்பிள்ளைகள்

உமுத்கான் அக்காவைப் பற்றி என் கடையில் நின்று யாராவது குறை பேசினால், அவர்களுக்கு அன்றைக்கு மாவும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. வெளியே போகச் சொல்லிவிடுவேன். மாமனார் பேசினாலும் அப்படித்தான்.

கிர்கிஸ் மலையோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் தாஷ்புலாக்கில் வாத்தியாரம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவது. எனக்கும் அவர் அக்கா, என் மகள் பேகாயிமுக்கும் அக்கா. முப்பத்தாறு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் கிர்கிஸ் பாடம். காப்பியடிக்கிறவர்களைக் கண்டால் கத்த மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஓர் உலர்தயிர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு நொறுக்கென்று கடிப்பார். அந்தச் சத்தத்துக்குக் கையிலிருக்கும் துண்டுச்சீட்டு தானாகக் கீழே விழும். நான் விழவிட்டவள், அதனால் சொல்கிறேன். சொந்த மகன் அஸ்கத் பரீட்சையில் பார்த்து எழுதினான் என்று அவனுக்கே ஐந்துக்கு இரண்டு போட்டு அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தவர். அப்போது ஊரே கல்நெஞ்சுக்காரி என்றது.

அப்பேர்ப்பட்டவரின் தலையில்தான் அந்தத் தொற்று வருஷம் விடிந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, பாடத்தைப் போனில் அனுப்பு, பிள்ளைகள் எழுதிப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பட்டும் என்றார்கள். அக்காவிடம் இருந்ததோ மகன் கழித்துக் கட்டிய, கண்ணாடி கீறின போன். பசுவைக் கறந்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நூறு படமாவது பார்ப்பார். கண்ணில் தண்ணீர் வழியும். மற்ற ஆசிரியர்கள் படம் வந்ததும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இதைவிட என்ன சொல்ல வேண்டும் அவரைப் பற்றி?

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஒன்பதாம் வகுப்பில் இருபத்துநாலு பேர். படிப்பில் கெட்டி அய்ஜார்கின் ஒருத்திதான், பள்ளிச் சமையல்காரி சனோபரின் மகள். அவள் எழுதிப் படமெடுத்துப் பிள்ளைகளின் குழுவில் போடுவாள், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். பிள்ளைகள் மட்டுமா? ஆடு குட்டி போடுகிற காலம். பேகாயிம் அப்பாவோடு மேல்மேய்ச்சலுக்குப் போய்விட்டாள். அங்கே சிக்னல் இல்லையென்று போன் என்னிடம் இருந்தது. ஆகவே அவள் பாடத்தையெல்லாம் கடைப் பலகையில் வைத்து எழுதிய மகராசி நான்தான். வெட்கக்கேடு, ஆனாலும் உண்மை.

மே மாதம் அக்கா கொடுத்த பாடம்: உன் ஏழு பாட்டன் பெயரையும் எழுது, ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுது. அப்பாவில் தொடங்கி மேலே ஏழு தலைமுறை. எங்களில் பேச்சு வந்த பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஏழு தெரியாதவன் அடிமை என்று சொலவடையே உண்டு.

ஆனால் நான் மருமகள். மாமனார் பேரையோ அவருக்கு மேலே உள்ளவர்கள் பேரையோ வாயால் சொல்லக் கூடாது. பதினேழு வருஷமாக அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்கிறேன், இங்கேயும் அப்படித்தான். சொல்லாத பேர் மனசில் எங்கே நிற்கும்? அவரிடம் கேட்டால் "பாடம் பிள்ளைக்கா, உனக்கா?" என்பார். சரி என்று அய்ஜார்கின் போட்ட படத்தைத் திறந்தேன். முதல் இரண்டு பேரை மட்டும் எங்கள் வீட்டுப் பேராக மாற்றினேன். மேலே இருந்த ஐந்தையும் அப்படியே இறக்கிவிட்டு, மாவு கேட்டு வந்தவளுக்கு மாவு நிறுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பெற்றோர் குழுவில் அக்காவின் செய்தி வந்தது.

"அன்பான பெற்றோர்களே, வாழ்த்துகள்! பத்தொன்பது பிள்ளைகளுக்குத் தாத்தாவுக்கு மேலே ஐந்து பேரும் ஒரே ஆளுங்க. எல்லாரும் ஒரே தோலுபாயோட வம்சம். தயவுசெஞ்சு இவங்க வீடுகளுக்குள்ளே சம்பந்தம் பேசாதீங்க, ஏழு தலைமுறை தாண்டலை."

கீழே பத்தொன்பது பேரையும் பட்டியல் போட்டிருந்தார். சிரித்துத் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். தீரவில்லை. தோடு போட்டு நிச்சயம் முடிந்த ஒரு பெண்ணின் தங்கையும், அந்த மாப்பிள்ளையின் தம்பியும் பட்டியலில் இருந்தார்கள். பெண்ணின் அம்மா என் கடையில் வந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவளைத் தேற்றி அனுப்புவதற்குள் பெரியவர் ஒரு கையில் போனும் மறு கையில் பேகாயிமின் நோட்டுமாக வந்துவிட்டார்.

"மருமகளே, இந்தத் தோலுபாய் யாரு?"

"தெரியலை, பெரியவரே."

"தெரியலையா? உன் கையெழுத்திலே என் அப்பன்னு எழுதியிருக்கு! மனுஷன் செத்த பிறகு சொத்தை மாத்துவாங்க. நீ நான் உயிரோட இருக்கறப்பவே என் அப்பனையே மாத்திட்டியே, தாயி!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்கு இரண்டும் வரவில்லை. "இந்தப் பள்ளத்தாக்கிலே தோலுபாய்னு ஒருத்தன் குதிரை கட்டினதே இல்லை. யார் வீட்டுப் பாட்டன் இவன்? சாயங்காலத்துக்குள்ளே கண்டுபிடிக்கிறேன்" என்று கிழவர்களைத் திரட்டக் கிளம்பினார்.

அரை மணி நேரத்தில் அக்கா கடைக்கு வந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அடியே ஜாங்கில், உன் கையெழுத்து பத்தாவதுல எப்படிக் கோணலா இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதை அப்புறம் பார்க்கலாம். யாருகிட்டேருந்து பார்த்து எழுதினே?"

போனை நீட்டினேன். அய்ஜார்கினின் குண்டுக் கையெழுத்து. அக்கா அப்படியே மாவுமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்போ இந்தப் பொண்ணோட சர்டிபிகேட்டை நான்தான் வாங்கி வச்சேன். அப்பா பேர் இருக்கிற இடத்துல ஒரு கோடு, அவ்வளவுதான். சனோபருக்கும் யாரும் இல்லை, அனாதை விடுதியில வளர்ந்தவ. புருஷன் ரஷ்யாவுல செத்தான்னு ஊருக்குச் சொன்னது பொய். குழந்தை பாவம், ஏழு பேரையும் தானே உண்டாக்கியிருக்கு. உண்டாக்கினதை உங்க பிள்ளைங்க எல்லாம் அள்ளிக்கிட்டாங்க. நான் படிச்சுப் பார்த்துட்டு, யாருதுன்னு யோசிக்காம, குழுவுல போட்டுக் கேலி பண்ணியிருக்கேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

இதை நான் இப்போது எழுதலாம். அய்ஜார்கின் வளர்ந்து தலைநகரில் படிக்கிறாள், யாரிடமும் மறைப்பதில்லை, எழுதச் சொன்னவளே அவள்தான். அன்றைக்கு அவளுக்கு வயது பதினைந்து. தெரிந்திருந்தால் எங்கள் ஊர் வாய் சும்மா விட்டிருக்குமா? அம்மாவும் மகளும் மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான்.

"அந்தப் படத்தை அழிச்சிடு" என்றார் அக்கா. அழித்தேன். மற்ற வீடுகளுக்கும் நடந்தே போய் அழிக்கச் சொன்னார். காரணம் கேட்டவர்களிடம், "காப்பியடிச்ச சாட்சியை வீட்டிலே வச்சுக்காதீங்க" என்றாராம். எல்லோரும் அலறியடித்து அழித்துவிட்டார்கள்; தங்கள் காப்பியும் வெளிவருமே என்று, அது யார் போட்ட படம் என்பதையும் எவரும் வெளியே சொல்லவில்லை.

சாயங்காலம் தலைமையாசிரியர், பெரியவர், இன்னும் நாலு கிழவர்கள் பள்ளி வாசலில் கூடினார்கள். யாருடைய பட்டியல் என்று தலைமையாசிரியர் கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்று சொன்னார்: "என்னுது. எப்படி எழுதறதுன்னு காட்டறதுக்கு மாதிரியா நான்தான் அனுப்பினேன். பேரெல்லாம் என் கற்பனை. அனுப்பினதை மறந்துட்டேன், பிள்ளைங்க அதையே எழுதிட்டாங்க."

முப்பத்தாறு வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். ஓய்வுபெறும் வருஷம் என்று அவருக்குக் கல்விப் பதக்கத்துக்கு எழுதியிருந்தார்கள், அது வந்தால் ஓய்வூதியமும் கூடும். பொறுப்பில்லாமல் மாதிரி அனுப்பிய ஆசிரியைக்குப் பதக்கமா என்று அந்த வாரமே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதை அவர் அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொண்டார்.

பொய்யோடு முடிந்ததா? அதுவும் இல்லை. பெரியவர் தடியை ஊன்றி, "சரி, மாதிரியை எழுதினாங்க, போகட்டும். அப்போ பிள்ளைகளுக்குச் சொந்தப் பாட்டன் தெரியுமா தெரியாதா? நாளைக்கு ஒவ்வொண்ணும் எங்க முன்னாடி நின்னு சொல்லட்டும்" என்றார். மற்ற கிழவர்கள் தாடியைத் தடவி ஆமோதித்தார்கள். அய்ஜார்கின் என்ன சொல்வாள்? தோலுபாயை இனி அவள் வாயில் எடுக்கவே முடியாதே.

அக்கா மறுக்கவில்லை. "நல்லது. ஆனா பாடம் என்னுது, கேள்வியும் நான்தான் கேட்பேன்" என்றார்.

மறுநாள் காலை பள்ளி மைதானத்தில் கைநீட்டினால் தொடாத தூரத்தில் இருபத்துநாலு பிள்ளைகளும் நின்றார்கள். என் மகளையும் மேய்ச்சலிலிருந்து இறக்கியிருந்தேன். ஓரத்தில் பெஞ்சில் கிழவர்கள். வேலிக்கு வெளியே நாங்கள். சனோபர் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அய்ஜார்கின் வரிசையில் கடைசி.

பிள்ளைகள் உதட்டை அசைத்து அசைத்து உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தார்.

"ஏழு பேரையும் நேத்தே மனப்பாடம் பண்ணியிருப்பீங்க, அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது. எட்டாவது ஆள் யாரு? முதல்ல நீ சொல்லு."

பிள்ளை விழித்தது. "எட்டாவதா? தெரியாதுக்கா."

"அடுத்து."

"தெரியாதுக்கா."

ஒருவன் மட்டும் துள்ளிக்கொண்டு எட்டாவது பேரைச் சொன்னான். "பரவாயில்லையே! ஒன்பதாவது?" என்றார். "தெரியாதுக்கா" என்றான் அவனும். என் மகளும் தெரியாது என்றாள். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன வம்பு? ஏழு பேரைக் கேளும்மா!"

"கேட்கிறேன், பெரியவரே. உங்க எட்டாவது பாட்டன் பேரை நீங்க சொல்லுங்க, உடனே ஏழுக்கு வர்றேன்."

பெரியவர் வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பக்கத்துக் கிழவரைப் பார்த்தார். அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"எங்க அப்பன் அதுக்கு மேலே சொல்லலை" என்றார் பெரியவர். குரல் இறங்கியிருந்தது.

"யாரோட அப்பனும் சொல்லலை. எல்லாருக்கும் ஓர் இடத்துக்கு மேலே யாருன்னு தெரியாது. அது குத்தமும் இல்லை" என்றார் அக்கா. பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "மார்ச் மாசத்திலேருந்து நீங்க எனக்குச் சொந்தமா சொன்ன முதல் பதில் இந்தத் 'தெரியாது'தான். இதுக்கு நான் மார்க் போடறேன்" என்றார்.

வரிசை முடியும்வரை கேட்டார். ஒருத்தரையும் விடவில்லை. கடைசிக்கு வந்தார்.

"அய்ஜார்கின்."

"தெரியாதுக்கா!" என்றாள் அவள். இருபத்துநாலு பேரில் அவ்வளவு சத்தமாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அக்கா மற்றவர்களுக்குப் போட்ட அதே மார்க்கை அவளுக்கும் போட்டுப் பதிவேட்டை மூடினார்.