சுந்தர் வீடு இதுதானே

வாழையிலையை அடுப்பில் வாட்டும்போது ஒரு வாசனை வரும். பச்சைக்கும் புகைக்கும் நடுவே எங்கோ தயங்கி நிற்கிற வாசனை. போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் கடையில் வாங்கிவந்த உறைந்த இலைக்கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தீயில் காட்டிக்கொண்டிருந்தேன். இலையடை செய்துதருவதாக வீட்டில் வீராப்பாகச் சொல்லியிருந்தேன். நான் சமைக்கிற பண்டங்கள் பெரும்பாலும் சொல்லோடு நின்றுவிடும் என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம். இருந்தாலும் இலை வாடியது, வாசனை எழுந்தது, கை அப்படியே நின்றுவிட்டது.

"கருகுது பாருங்க. எங்க இருக்கீங்க நீங்க?" என்றாள் மனைவி.

நான் மில்பீடஸில் இருந்தேன்.

மில்பீடஸ் என்றால் அந்நாளில் கலிஃபோர்னியாவின் பே ஏரியாக்காரர்களுக்கு வேறொரு வாசனைதான் ஞாபகம் வரும். காற்று திசைமாறினால் குப்பைமேட்டின் நாற்றம் ஃப்ரீவே வரைக்கும் வந்து காருக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஊரில்தான் எங்கள் சுந்தர் வீடு வாங்கினான். சான்டா கிளாராவில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த தமிழ்ப் பையன்களில் முதலில் வீடு வாங்கியவன் அவன். நாங்கள் மற்றவர்கள், அடுக்ககத்தில் மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கிற கூட்டம். தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, மே மாதம். மழை விட்டுப்போய் மலைகள் பொன்னிறமாகத் தொடங்கியிருந்த சமயம்.

கிரகப்பிரவேசத்துக்கு வழி கேட்டு போன் செய்தேன். கையில் செல்போன் இல்லாத காலம். பழைய பில்லின் முதுகில் வழி எழுதிக்கொண்டு கிளம்புவோம். சுந்தர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எக்ஸிட் எடுத்து ரைட் பண்ணு. அப்புறம் லெஃப்ட், திரும்ப லெஃப்ட். வீடெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், கொழம்பாத. வாசல்ல வாழை கட்டியிருப்போம், செருப்பு கெடக்கும். அதுக்கப்புறமும் கண்டுபிடிக்க முடியலைன்னா நீ தமிழனே இல்லடா."

நான் தமிழன் என்பதை நிரூபிக்கும் வேகத்தில், ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பளபளக்கும் தாளில் சுற்றிக்கொண்டு போனேன். கிரகப்பிரவேசத்துக்குச் சுவர்க்கடிகாரம் கொடுக்கும் பழக்கத்தை நம் ஆட்கள் கடல் தாண்டியும் விடவில்லை. புதுவீட்டுக்காரனுக்கு அலமாரி நிறைய நேரம்தான் சேரும்.

மூன்று முறை அதே தெருவைச் சுற்றியிருப்பேன். எல்லாம் ஒரே சாயலில் வார்த்த வீடுகள், ஒரே அளவு புல்தரை. திடீரென்று ஒரு வாசல் கண்ணில் பட்டது. தூணில் வாழையிலை. மேலே ஒரு முழு வாழைத்தார். நீளநீளமாகக் காராமணிச் சரங்கள், சுரைக்காய், கத்தரிக்காய். நடுவில் அப்பளம் போல ஏதேதோ, ஆனால் இலை வடிவில், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கொத்துக்கொத்தாய்த் தொங்கி, வெயிலைக் கடன் வாங்கி மினுங்கின. சுந்தர் இவ்வளவு ரசனைக்காரனா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. வாசலில் செருப்புக் குவியல். அப்புறம் என்ன சந்தேகம்? நானும் கழற்றிப் போட்டுவிட்டு, திறந்தே கிடந்த கதவு வழியாக உள்ளே நுழைந்தேன்.

உள்ளே பத்திருபது பேர். ஒருவருமே சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதாவது என்னை. நான் கடிகாரத்தை நீட்டி, "சுந்தர் வீடு இதுதானே?" என்றேன். கேட்டுக்கொண்டே மேஜையைப் பார்த்தேன். மேஜை நடுவில், செம்பழுப்பாக வறுபட்ட ஒரு முழுப் பன்றி, வாயில் ஆப்பிளோடு படுத்திருந்தது.

சுந்தர் முட்டைகூடத் தொடாதவன்.

நான் பின்வாங்குவதற்குள் ஒரு பெண்மணி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குள்ளமான உருவம், நாற்பது வயதிருக்கும், கண்ணில் நீர் கோத்திருந்தது. பின்னால் அறையே ஆரவாரித்தது. ஒரு சிறுமி "ஃபைனலி" என்று சோபாவில் சரிந்தாள். அம்மா அதட்டவும் எழுந்துவந்து, கண்ணை ஒருமுறை உருட்டிவிட்டு, என் கையைத் தூக்கித் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களிடம் அவர்கள் ஆசி வாங்கும் முறை அது. எனக்கு இருபத்தாறு வயது, ஸ்டியரிங் பிடித்து வேர்த்த கை. ஆசி கொடுக்கிற தகுதி அன்றைக்கு அந்தக் கைக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்மணியின் பெயர் நேனா. கணவர் பென், மகள் ஜாய். பிலிப்பைன்ஸின் லூசான் தீவில், தென்னந்தோப்புகளுக்கு இடையே உள்ள ஒரு சிற்றூர் அவர்களுடையது. நேனா இங்கே மருத்துவமனையில் நர்ஸ். மூத்தவளை அவர்கள் மொழியில் 'ஆத்தே' என்பார்கள் என்று பிற்பாடு தெரிந்து நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். ஆத்தே என்னிடம் பேசியதெல்லாம் தகாலோக் மொழியின் ராகம் போட்ட ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தக் குரல் எனக்குள் எப்படியோ தமிழாகவே ஊறிவிட்டது.

அன்று அவர்கள் ஊர் உழவர் புனிதரின் திருவிழா. நாம் பொங்கலுக்கு மாட்டைக் கும்பிடுகிறோம், அவர்கள் உழுதவனையே பீடத்தில் ஏற்றிவிட்டார்கள். தொப்பி போட்டு, தாடி வைத்து, பக்கத்தில் ஒரு மாட்டோடு கூடத்து மூலையில் அவர் சின்னச் சிலையாக நின்றிருந்தார். ஊரில் அன்றைக்கு ஒவ்வொரு வீடும் தன் விளைச்சலை முகப்பில் மாட்டிக்கொள்ளுமாம். நெல் விளைந்தவன் நெற்கதிர், தேங்காய் விளைந்தவன் குலை, தொப்பி பின்னுகிறவன் தொப்பி. அரிசி மாவைக் கரைத்து இலைமேல் பூசி, ஆவியில் வேகவைத்து, உரித்துக் காயவைத்தால் இலையின் ஒவ்வொரு நரம்பும் அந்த அப்பளத்தில் பதிந்திருக்கும். அதில்தான் தோரணம். பேண்டு வாத்தியத்தோடு புனிதர் ஊர்வலம் கடந்துபோனதும் முகப்பில் இருப்பதை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொண்டு போகலாம். சதுக்கத்தில் எண்ணெய் பூசிய மூங்கிலில் இளவட்டங்கள் ஏறி வழுக்குவார்கள். ஆத்தே அதைச் சொன்னபோது, எங்களூரிலும் வழுக்குமரம் உண்டு என்று நான் துள்ளினேன். கடலுக்கு அந்தக் கரையில் ஒருவன் சறுக்கினால் இந்தக் கரையில் ஒருவன் சிரித்திருக்கிறான் போல.

இதெல்லாம் ஊருக்குப் பொது. ஆத்தே வீட்டுக்கென்று தனியாக ஒரு வழக்கம் இருந்தது. திருவிழா அன்று கதவைச் சாத்தக்கூடாது. அழைக்காமல், தெரியாமல் ஒருவர் வந்து முதல் தட்டில் கைவைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடவேண்டும். ஊரில் அது ஒரு பாடே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் எந்த வீட்டிலும் நுழைவான். ஆனால் மில்பீடஸில் யார் நடந்து வருவார்கள்? எல்லாரும் காரில் போகிறார்கள், கராஜ் கதவு விழுங்கிக்கொள்கிறது. சொந்தக்காரரும் உடன் வேலை செய்கிறவரும் வருவார்கள், ஆனால் அவர்கள் அழைத்து வந்தவர்கள், கணக்கில் சேரமாட்டார்கள். சில வருடமாக இப்படியே பொழுது சாயும்வரை காத்திருந்து, பிறகு ஆறிப்போனதைப் பேச்சில்லாமல் தின்றிருக்கிறார்கள். இந்த வருடமும் யாரும் வரவில்லை என்றால் இதோடு இதை விட்டுவிடவேண்டும் என்று பென் காலையிலேயே சொல்லிவிட்டாராம். இந்த நாட்டுக்கு இது ஒத்துவராது, பிள்ளை பசியில் கிடக்கிறாள் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் ஆத்தேயும் தலையாட்டியிருக்கிறார். அப்படித் தலையாட்டிவிட்டு, நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் நான் கடிகாரத்தோடு நுழைந்திருக்கிறேன்.

ஆனால் நான் சாப்பிடவேண்டுமே! நூடுல்ஸில் இறால். காய்கறிக்குள் ஊறவைத்த மீன் விழுது. சூப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் சைவம் என்றதும் கூடத்தில் ஒரு துக்கம் பரவியது. அந்த அமைதியில் பன்றிகூட எனக்காக வருந்தியதுபோல் இருந்தது. ஆத்தே மட்டும் அசரவில்லை. அடுக்களைக்குப் போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். வாட்டிய வாழையிலை, நாரால் கட்டு. பிரித்தால் ஆவி, தேங்காய்ப்பால் ஊறிய ஒட்டரிசி, மேலே வெல்லப்பாகு.

"இதுல அரிசி, தேங்கா, உப்பு. வேற ஒண்ணும் இல்ல. சாப்பிடு தம்பி, எல்லாருக்கும் பசிக்குது."

ஒரு வாய் வைத்தேன். கண்ணை மூடினால் எந்த ஊர் என்று சொல்லமுடியாத ருசி. நான் விழுங்கி முடிக்கும் முன்பே என் முதுகுப்பக்கம் தட்டுகள் கலகலத்தன. ஒரு வீட்டின் பசி முழுதும் என் ஒரு விழுங்கலுக்குக் காத்திருப்பதை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை. சுந்தர் வீட்டுக்கு நான் போய்ச்சேர்ந்தபோது ஐயரே கிளம்பிவிட்டிருந்தார். கையில் கடிகாரமும் இல்லை. பன்றியைப் பற்றி நான் அவனிடம் இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

ஆத்தே அந்தக் கடிகாரத்தைத் திருப்பித் தரவே இல்லை. கூடத்தில் மாட்டி, அவர்கள் ஊர் நேரத்தை வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் சிக்கல் எனக்குத்தான். நான் இப்போது வேண்டியவன், தெரிந்தவன், கணக்கில் சேராதவன். ஏப்ரல் முடிவில் ஒருநாள் பென் போன் செய்தார். விட்டுவிடுவோம் என்று சொன்ன அதே பென். குரலைத் தாழ்த்திக்கொண்டு, உங்கள் ஊர்ப் பையன்கள் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா, அவர்களுக்கு வழி தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமலே இருக்கட்டும் என்றார்.

அந்த மே மாதம், இறங்கி ஒரு மாதமாகாத முரளிக்கு, சுந்தர் வீட்டு விசேஷம் என்று சொல்லி வழி எழுதிக் கொடுத்தேன். வாசலில் வாழை கட்டியிருக்கும், செருப்பு கிடக்கும் என்று சேர்த்து எழுதினேன். அவன் சுவர்க்கடிகாரத்தோடு போய், ஒட்டரிசியும் ஓயாத சிரிப்புமாகத் திரும்பிவந்தான். அதற்கடுத்த வருடம் இன்னொருவன், இன்னொரு கடிகாரம். இரண்டாவதில் கலிஃபோர்னியா நேரம். மூன்றாவதற்கு ஆத்தே எங்கள் ஊர் நேரத்தைக் கேட்டு வைத்தார். வருடாவருடம் ஒரு தமிழ்ப் பையன், அதே தாள் சுற்றிய பொட்டலத்தோடு, அதே கேள்வியோடு வந்து நிற்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்புறம் இரண்டாயிரத்தொன்று வந்தது. அலுவலகங்கள் ஒவ்வொன்றாக விளக்கணைத்தன. புதிதாக யாரும் வரவில்லை, வந்தவர்களே மூட்டை கட்டினார்கள். எனக்கு ஹூஸ்டனில் ஒரு வேலை கிடைத்தது. அடுக்ககச் சாவியைக் காலையில் ஒப்படைத்துவிட்டு, காருக்குள் வாழ்க்கையைத் திணித்துக்கொண்டு, விடைபெற மில்பீடஸுக்குப் போனேன். திருவிழா நாள். தோரணம் ஆடியது, இந்தமுறை ஆத்தே திராட்சை இலையில் அச்செடுத்த அப்பளங்கள். உள்ளே எல்லாரும் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகங்கள் மலர்ந்து, நான்தான் என்று தெரிந்ததும் வாடின. எனக்கும் சங்கடமாக இருந்தது. யாரையாவது அனுப்பினீர்களா என்பதுபோல பென் என்னைப் பார்த்தார், நான் உதட்டைப் பிதுக்கினேன். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. "இதோட போதும் நேனா" என்று பென் மெதுவாகச் சொன்னார். ஆத்தே மேஜை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

அப்போது பதின்வயது ஜாய் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள்.

"மாம், டெக்னிக்கலா இவர் இப்ப இந்த ஊரே இல்ல. இங்க வீடு இல்ல, வேலை இல்ல. இவர் ஸ்ட்ரேஞ்சர்தானே?"

யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை அந்தப் பெண் பசியில் சொல்லிவிட்டாள். ஆத்தே என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

நான் வெளியே போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன், காரை எடுத்தேன், ஒரே மாதிரி வீடுகளை நிதானமாக ஒருமுறை சுற்றினேன். பின்சீட்டில் என் அறைக் கடிகாரம் துணிமூட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, செருப்பைக் குவியலில் கழற்றிவிட்டு நுழைந்தேன்.

"சுந்தர் வீடு இதுதானே?"

"இல்ல தம்பி," என்றார் ஆத்தே, குரல் உடைந்து. "ஆனா உள்ள வா."

இன்றைக்கு அப்படி ஒருவர் வரமுடியாது. போன் கைப்பிடித்து வாசற்படிவரை கொண்டுபோய் விடுகிறது. படி ஏறும்போதே கதவில் உள்ள கேமரா நம் முகத்தைப் பார்த்து யார் என்று கேட்கிறது. வழி தெரியாமல் போவதற்கு இருந்த எல்லா வழிகளையும் அடைத்துவிட்டார்கள். ஆத்தே குடும்பமும் அந்த வீட்டை விற்றுவிட்டு நெவாடா பக்கம் போனதாகக் கேள்வி. முன்பொருநாள் போனில் அந்தத் தெருவின் படத்தைத் தேடிப் பார்த்தேன். எந்த வீடு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தமிழனே இல்லை போலிருக்கிறது.

விடைபெறப் போன அன்று சாப்பிட்டு முடித்தபோது மலைகளின் பொன்னிறம் மங்கியிருந்தது. ஆத்தே வழிக்கென்று இலைப் பொட்டலங்களைக் காரில், என் தலையணைமேல் வைத்தார். அடுத்த மே மாதம் வரமுடிந்தால் முன்னாடியே போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தட்டினார்.

"போன் பண்ணாத தம்பி. வழி தப்பி வா."